ஜன்னலில் ஒளிந்த கண்

ஆங்கிலத்தில் கண்ணுக்கு 'ஐ' என்று பெயர். அகராதியில் அந்தச் சொல்லுக்குரிய பக்கத்தைத் திறந்தால் ஊசியின் துளை, உருளைக்கிழங்கின் முளைப்புள்ளி, புயலின் நடுமையம், மயிற்பீலியின் வட்டம், கொக்கி மாட்டும் வளையம், துப்பறிவாளர் என்று பொருள்கள் வந்துகொண்டே இருக்கும். இவையெல்லாம் வெளிப்படையான கண்கள். அந்த மொழியின் கண்களில் இன்னொரு பாதியை அந்தப் பக்கத்தில் தேடிப் பயனில்லை. ஜன்னலைக் குறிக்கும் 'விண்டோ'வுக்குள் ஒரு கண் இருக்கிறது. 'டெய்சி' என்ற சிறு பூவுக்குள் ஒன்று. அம்மை குத்துவதற்கு வழங்கிய 'இனாகுலேஷன்' என்ற சொல்லில் ஒன்று. பிரேதப் பரிசோதனையான 'அட்டாப்சி'யிலும், ஆசைகாட்டி ஆளை வளைப்பதான 'இன்வேகிள்' என்ற வினையிலும் அதே கண்தான். அன்றாடம் இவற்றைப் புழங்கும் ஆங்கிலேயரில் பெரும்பாலோருக்கு இது தெரியாது.

ஒளிந்த கண்கள் தற்செயலாக ஒளியவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தொழில் செய்தவர்கள் இருக்கிறார்கள்: வீடு கட்டியவர்கள், தோட்டம் வளர்த்தவர்கள், மதுப்பீப்பாய் நிரப்பியவர்கள், பிணம் அறுத்தவர்கள். தங்கள் கைவேலையில் கண்ணைப் போன்ற ஒன்றை அவர்கள் பார்த்தார்கள், பெயர் வைத்தார்கள். பிறகு பொருள் மாறியது, தொழில் மாறியது, பெயர் மட்டும் தங்கியது. அப்போதுதான் சொல்லுக்குள் இருந்த கண் மூடிக்கொண்டது.

மீனாட்சியின் உறவு

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் இந்தச் சொல்லை 'ஏயாகெ' என்ற வடிவில் எழுதினார்கள். ஜெர்மனில் 'அவுகெ', டச்சில் 'ஓக்', வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் 'அவுகா'. ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்த இவையெல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். சற்றுத் தள்ளிய உறவில் லத்தீனின் 'ஓகுலுஸ்', ரஷ்ய மொழியின் 'ஓகோ', லித்துவேனிய மொழியின் 'அகிஸ்', சமஸ்கிருதத்தின் 'அக்ஷி' ஆகியவை நிற்கின்றன. மீனாட்சி, விசாலாட்சி என்ற பெயர்களின் கடைசியில் ஒலிப்பது அந்த அக்ஷிதான். ருத்ராட்சம் என்பதில் இருப்பதும் அதுவே. தமிழின் 'கண்' வேறு குடும்பம். அங்கயற்கண்ணிக்கும் ஆங்கிலக் கண்ணுக்கும் ரத்த உறவு இல்லை. ஆனால் அதே அம்மனை மீனாட்சி என்று அழைக்கும்போது ஆங்கிலக் கண்ணின் தூரத்துச் சொந்தம் ஒன்று நம் வாயில் வந்துவிடுகிறது.

இந்த வம்சாவளியில் மொழியியலாளர்களை வெகுகாலம் உறுத்திய ஓர் இடம் உண்டு. இவற்றுக்கெல்லாம் பொதுவான மூலமொழியிலிருந்து ஜெர்மானியக் கிளைக்கு வரும்போது ஒலிகள் முறைப்படி மாறியிருந்தால் இந்தச் சொல் 'அவு' என்று தொடங்கியிருக்கக் கூடாது. காதைக் குறித்த சொல் அந்தக் கிளையில் 'அவு' என்று தொடங்கியது. கண்ணும் காதும் எப்போதும் சேர்ந்தே பேசப்படுவதால் காதின் ஒலி கண்ணின் மேல் ஒட்டிக்கொண்டது என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

பன்மையிலும் ஒரு கதை. பழைய ஆங்கிலத்தில் கண்கள் 'ஏயாகன்'. அடுத்த சில நூற்றாண்டுகளில் அது 'ஐயென்' ஆனது. 'ஆக்ஸ்' என்ற எருதுக்குப் பன்மை 'ஆக்ஸன்' என்று வருவது அதே வாய்பாடு. மற்ற பெயர்களில் பெரும்பாலானவை 'ஸ்' விகுதிக்கு மாறிய பிறகும் கண் கொஞ்ச காலம் பழைய விகுதியை விடவில்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'ஐஸ்' என்பதே வழக்கு. ஆனாலும் எதுகை இடித்தால் அவர் பழைய 'ஐன்' வடிவத்தைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார். எருதுக்குக் கிடைத்த நீடித்த ஆயுள் கண்ணுக்குக் கிடைக்கவில்லை.

காற்று நுழையும் கண்

'விண்டோ' இங்கிலாந்தில் பிறந்த சொல் அல்ல. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வடகிழக்கு இங்கிலாந்தில் வந்து குடியேறிய வைக்கிங்குகள் கொண்டுவந்தது. அவர்கள் மொழியில் அது 'விண்டவுகா'. விண்டர் என்றால் காற்று, அவுகா என்றால் கண். அவர்கள் வீட்டில் கண்ணாடி கிடையாது. வீட்டின் நடுவில் அடுப்பு எரியும். புகை வெளியேறவும் வெளிச்சம் உள்ளே விழவும் கூரையில் ஒரு துளை. உள்ளே படுத்திருப்பவனுக்கு வானத்திலிருந்து ஒரு கண் தன்னைப் பார்ப்பதுபோல் இருந்திருக்கும். அந்தக் கண் வழியாக மழையும் குளிரும் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று வந்தது. பெயர் வைத்தவன் கண்டதை அப்படியே சொன்னான்.

ஆங்கிலேயரிடம் அதற்கு முன்பே சொந்தச் சொற்கள் இருந்தன. 'ஏயாக்திர்ல்' என்றால் கண்-துளை. 'ஏயாக்துரு' என்றால் கண்-கதவு. ஜெர்மானியக் கிளையின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளைக் கொண்ட காதிக் மொழியிலும் ஜன்னல் கண்-கதவுதான். ஆக, அந்த மக்கள் கூட்டம் முழுவதுக்கும் ஜன்னல் வீட்டின் கண்ணாகவே தோன்றியிருக்கிறது. பிறகு தேவாலயங்களோடு கண்ணாடியும் லத்தீனின் 'ஃபெனஸ்ட்ரா'வும் வந்தன. ஜெர்மானியர் அதை 'ஃபென்ஸ்டர்' என்று எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்திலும் 'ஃபெனஸ்டர்' என்ற சொல் 16ஆம் நூற்றாண்டு வரை நடமாடியது. கடைசியில் வென்றது 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலிருந்து எழுத்தில் தென்படும் வைக்கிங்குகளின் காற்றுக்கண். அயர்லாந்துக்காரர்களும் அதையே 'ஃபுன்னியோக்' என்று வாங்கிக்கொண்டார்கள்.

வென்றதும் கண் மூடியது. ஜன்னலில் கண்ணாடி ஏறியபின் அதன் வேலை காற்றைத் தடுப்பதாகிவிட்டது. எதற்காகப் பெயர் வந்ததோ அதுவே இல்லாமல் போனது. 'அவுகா' தேய்ந்து வெறும் 'ஓ' ஆனது. 1985இல் கணினித் திரைக்கு 'விண்டோஸ்' என்ற மென்பொருள் வந்தபோது, காற்றும் இல்லாத, சுவரும் இல்லாத ஒரு சட்டத்துக்கு அந்தப் பெயர் எந்த நெருடலும் இல்லாமல் பொருந்தியது.

தமிழில் இதன் நேர்ச்சோடி இருக்கிறது. பழந்தமிழில் ஜன்னலுக்குக் 'காலதர்' என்று பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வைக்கிங் கண் என்றான். தமிழன் வழி என்றான். இருவர் முகத்திலும் அடித்தது ஒரே காற்று. புகார் நகரின் மாளிகைகளைப் பேசும் சிலப்பதிகாரம் அந்தக் காலதருக்கு மானின் கண்ணை உவமையாக்குகிறது. சமஸ்கிருதத்தில் ஜன்னலுக்கு வழங்கும் 'கவாட்சம்' பசுவின் கண். பிரெஞ்சுக்காரர்கள் வட்ட ஜன்னலை எருதின் கண் என்றார்கள். வெர்சாய் அரண்மனையில் ஒரு முன்கூடத்துக்கே அந்தப் பெயர்தான். இன்று நாம் சொல்லும் 'ஜன்னல்' போர்ச்சுக்கீசியரின் 'ஜனெலா'விலிருந்து வந்தது. அதன் லத்தீன் மூலம் 'சின்னக் கதவு' என்று பொருள்படும். காலதரைக் கைவிட்டு நாமும் கதவுக்குப் போய்விட்டோம்.

கண்ணை இழந்த ஆங்கில ஜன்னலுக்குக் கண்ணாடி வேறொரு கண்ணைக் கொடுத்தது. அந்தக் காலத்தில் உருகிய கண்ணாடியை ஒரு கம்பியின் நுனியில் வைத்துச் சுழற்றி அகலமான வட்டத்தட்டாக்குவார்கள். ஓரம் மெல்லியதாக விரியும். கம்பி ஒட்டியிருந்த நடுப்பகுதி தடித்த குமிழாக நின்றுவிடும். மெல்லிய பகுதி வசதியானவர்களின் வீட்டுக்குப் போகும். குமிழுள்ள துண்டு மலிவாக விற்கும். அந்தக் குமிழுக்கு 'புல்ஸ் ஐ', எருதின் கண் என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அந்தப் பெயர் விளக்கின் வில்லைக்கும், உருண்டை மிட்டாய்க்கும், 19ஆம் நூற்றாண்டில் குறிபார்க்கும் பலகையின் நடுப்புள்ளிக்கும் போயிற்று. கேரளத்து ஓட்டல்களிலும் இலங்கையிலும் மஞ்சள்கரு உடையாமல் பொரித்த முட்டையைக் கேட்பவர் அதே எருதின் கண்ணைத்தான் கேட்கிறார்.

பகலின் கண்

'டெய்சி' இங்கிலாந்தின் புல்வெளிகளில் தானாக முளைக்கும் செடி. வெள்ளை இதழ்களுக்கு நடுவே மஞ்சள் வட்டு. காலையில் விரியும், அந்தியில் இதழ்களைக் கூட்டி மூடிக்கொள்ளும். பழைய ஆங்கிலத்தில் அதன் பெயர் 'டேயஸ் ஏயாகெ', பகலின் கண். 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் 'நல்ல பெண்களின் காவியம்' என்ற தம் படைப்பில் இந்தப் பூவைக் கொண்டாடும்போது, பகலின் கண் என்று அழைப்பது தகும் என்று பெயர்க் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறார். அவர் காலத்தில் கண் பாதி மூடியிருந்தது போலும். விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது.

மலாய் மொழியில் 'மாத்தா' என்றால் கண், 'ஹரி' என்றால் நாள். இரண்டும் சேர்ந்த 'மாத்தாஹரி' அங்கே சூரியன். மலேசியத் தமிழர் எல்லாருக்கும் தெரிந்த சொல் இது. முதல் உலகப் போரில் உளவாளி என்று குற்றஞ்சாட்டப்பட்டு 1917இல் பிரான்சில் சுட்டுக்கொல்லப்பட்ட நடனக்காரி மாத்தா ஹரி தனக்கு வைத்துக்கொண்ட மேடைப்பெயரும் அதுவே. பகலின் கண் என்ற ஒரே சேர்க்கையை மலாய்க்காரர் வானத்தில் வைத்தார்கள், ஆங்கிலேயர் புல்தரையில் வைத்தார்கள். மலாய்ச் சொல்லில் கண் இன்றும் திறந்திருக்கிறது, ஏனென்றால் 'மாத்தா' தேயவில்லை. ஆங்கிலத்தில் இரு சொற்களும் ஒன்றில் ஒன்று கரைந்து பெண்குழந்தைக்கு வைக்கும் பெயராகிவிட்டன.

தோட்டத்திலிருந்து அம்மைக்கு

கிளையில் இலைக்காம்பின் கக்கத்தில் புடைத்திருக்கும் மொட்டை ரோமானியத் தோட்டக்காரர்கள் 'ஓகுலுஸ்', கண் என்றார்கள். தேங்காய்க்கு மூன்று கண் என்று சொல்லும் நமக்கு இது புதிதல்ல. ஒரு மரத்தின் கண்ணைப் பட்டையோடு சீவி எடுத்து, இன்னொரு மரத்தின் பட்டையைக் கீறி உள்ளே பதித்துக் கட்டும் ஒட்டுமுறைக்கு லத்தீனில் 'இனோகுலாரே', கண்ணை உள்ளே வைத்தல் என்று பெயர். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் 'இனாகுலேட்' தோட்டச் சொல்லாகத்தான் வந்தது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துருக்கியிலிருந்து ஒரு செய்தி லண்டனுக்கு எட்டியது. பெரியம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை நலமாக இருப்பவரின் தோலைக் கீறி வைத்தால், அம்மை லேசாகக் கண்டு இறங்கிவிடும்; பிறகு வாழ்நாளில் வராது. பிரிட்டிஷ் தூதரின் மனைவி மேரி வோர்ட்லி மான்டேகு கான்ஸ்டான்டிநோபிளில் இதை நேரில் பார்த்தார். 1718இல் தம் மகனுக்கு அங்கேயே செய்வித்தார். 1721இல் லண்டனில் தம் மகளுக்கும். 1717இல் எழுதிய கடிதத்தில் அவர் இந்த முறைக்குப் பயன்படுத்தியதும் 'ஒட்டுக் கட்டுதல்' என்று பொருள்படும் சொல்லையே. தோலைக் கீறி இன்னோர் உடலின் பொருளை உள்ளே வைப்பதைப் பார்த்தவர்களுக்குத் தோட்டக்காரனின் கத்தி நினைவுக்கு வந்தது. மருத்துவர்கள் அதன் லத்தீன் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

1796இல் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மையிலிருந்து புதுமுறை கண்டதும் பசுவைக் குறிக்கும் லத்தீன் 'வாக்கா'விலிருந்து 'வாக்சின்' பிறந்தது. ஆங்கில மருத்துவத்தில் முன்னது கண், பின்னது பசு. இன்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். மொட்டை யாரும் நினைப்பதில்லை.

பீப்பாயும் ராக்கெட்டும்

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் லத்தீன் கண் பிரெஞ்சு உடையில் வந்தது. பிரெஞ்சில் கண் 'ஏய்'. மதுப்பீப்பாயின் வயிற்றில் அடைப்பான் செருகும் துளைக்கும் அதே பெயர். மது ஆவியாகி மட்டம் இறங்கும்போது அந்தக் கண் வரை மறுபடி நிரப்புவது ஒரு வேலை. அந்த வேலையின் பெயர் ஆங்கிலத்தில் 'அல்லேஜ்' ஆகி, நிரம்பாமல் நிற்கும் வெற்றிடத்தைக் குறிக்கத் தொடங்கியது. மதுக்கடையின் இந்தச் சொல் விண்வெளிக்கும் போனது. ராக்கெட்டின் எரிபொருள் கலனில் திரவத்துக்கு மேல் இருக்கும் வெற்றிடத்தைப் பொறியாளர்கள் அல்லேஜ் என்கிறார்கள். எடையற்ற நிலையில் திரவம் கலனுக்குள் மிதக்கும். எஞ்சினை மூட்டுமுன் அதைக் கலனின் அடிக்குத் தள்ளியாக வேண்டும். அதற்காகச் சிறு ராக்கெட்டுகளைப் பொருத்துவார்கள். சந்திரனுக்கு ஆள் ஏற்றிச் சென்ற சாட்டர்ன்-5இல் இருந்த 'அல்லேஜ் மோட்டார்'கள் அவைதாம். பீப்பாயின் கண் அங்கே எரிந்தது.

'இன்வேகிள்' வந்த வழி வேறு. லத்தீனில் 'அப் ஓகுலிஸ்' என்றால் கண் இல்லாமல். அதிலிருந்து பிரெஞ்சில் குருடனுக்கு 'அவேக்ள்' என்ற பெயர் வந்தது. ஒருவன் கண்ணைக் கட்டுவதற்கான வினையும் பிறந்தது. ஆங்கிலத்தில் அது நயந்து பேசி ஒருவனை இழுத்துவிடுவதைக் குறிக்கிறது. 'கண்ணை மறைத்துவிட்டான்' என்று நாம் சொல்வதும் இதைத்தான்.

சட்டையில் நாடா கோக்கும் துளையின் கதையில் மட்டும் கண் மூடாமல் திறந்துகொண்டது. பிரெஞ்சின் 'சின்னக் கண்' ஆங்கிலத்தில் முதலில் 'ஆய்லெட்' என்று புரியாத ஒலியாக இருந்தது. பேசுபவர்கள் அதில் தங்கள் 'ஐ'யைக் கேட்டு 'ஐலெட்' என்று திருத்திக்கொண்டார்கள். தெரியாமல் செய்த திருத்தம், ஆனால் தப்பில்லை. இரண்டும் ஒரே மூலத்தின் கண்கள்தாமே.

தன் கண்ணால் பார்த்தவர்

கிரேக்கக் கண் பள்ளிக்கூடத்தின் வழியாக வந்தது. பார்வையைக் குறிக்கும் 'ஆப்' என்ற வேர் ஒளியியலில், கண் மருத்துவத்தில், கிட்டப்பார்வையில் எல்லாம் உண்டு. நெற்றியில் ஒற்றைக்கண் கொண்ட அரக்கன் சைக்ளோப்ஸ், வட்டக்கண்ணன். இவற்றில் வியப்பில்லை. வியப்பு 'அட்டாப்சி'யில் இருக்கிறது. கிரேக்கத்தில் அதற்குத் 'தானே கண்ணால் பார்த்தல்' என்று பொருள். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் அப்படித்தான். பிணத்தோடு அதற்குத் தனித் தொடர்பு இல்லை. நூலில் படித்ததை நம்பாமல் உடலைத் திறந்து தானே பார்ப்பதே மருத்துவம் என்ற எண்ணம் வலுப்பெற்றபோதுதான் அந்தச் சொல் அறுவை மேசையில் போய் நிலைத்தது.

இதன் ஒன்றுவிட்ட சகோதரி நம் நீதிமன்றங்களில் இருக்கிறாள். 'சாட்சி' என்பது 'கண்ணோடு கூடியவர்' என்ற பொருளில் சமஸ்கிருத அக்ஷியிலிருந்து உருவானது. பிரத்தியட்சம் என்பது கண்ணுக்கு முன் இருப்பது. அட்டாப்சி, சாட்சி, ஆங்கில 'ஐ' மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. 'கண்கண்ட சாட்சி' என்று நாம் அழுத்திச் சொல்வது ஏன் என்றும் இதில் விளங்குகிறது. சாட்சியின் கண் மூடிவிட்டதால் தமிழ்க் கண்ணைத் தனியாக இரண்டு முறை சேர்க்க வேண்டியிருக்கிறது.

கருமணிக்குள் இருக்கும் பெண்

ஒளிந்ததை விட்டுக் கண்ணுக்கே வருவோம். கண்ணின் நடுக்கருமைக்கு ஆங்கிலத்தில் 'பியூப்பில்'. லத்தீனில் 'புபில்லா', சின்னப் பொம்மை, சிறுபெண். எதிரில் இருப்பவரின் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் நம் உருவமே குட்டியாகத் தெரியும். அந்தக் குட்டி உருவம்தான் பொம்மை. கிரேக்கரும் அதைச் சிறுமியைக் குறிக்கும் 'கோரே' என்ற சொல்லால் அழைத்தார்கள். 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் காதலர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்திருப்பதைக் 'குழந்தை பார்த்தல்' என்று சொல்லும் வழக்கும் இருந்தது. தமிழில் கண்ணின் கருமணிக்குப் 'பாவை' என்று பெயர். பொம்மையும் பாவை, பெண்ணும் பாவை. மத்தியதரைக் கடலோரத்திலும் தமிழகத்திலும் தனித்தனியே ஒரே காட்சியைக் கண்டு ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். யாரும் யாரிடமும் கடன் வாங்கத் தேவைப்படவில்லை; அதற்கு இரண்டு பேர் நெருங்கி உட்கார்ந்தால் போதும்.

லத்தீன் வருவதற்கு முன் ஆங்கிலேயர் கருமணியை 'ஆப்பிள்' என்றார்கள். அது திடமான சிறு உருண்டை என்று நினைத்த காலம். 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரெட் மன்னர் லத்தீனிலிருந்து பெயர்த்த நூலில் இந்தப் பயன்பாடு இருக்கிறது. உறுப்புக்குப் பியூப்பில் வந்தபின் ஆப்பிள் அன்புச் சொல்லாக மட்டும் தங்கியது. 'கண்மணி' என்று நாம் குழந்தையைக் கொஞ்சுவது அதே உறுப்பை வைத்துத்தான்.

ஊசிக்குக் கண்ணா, காதா?

ஊசித்துளை ஆங்கிலத்தில் கண். தமிழில் அது காது. விவிலியத்தில் ஒட்டகம் நுழைய முடியாத துளையைத் தமிழ் மொழிபெயர்ப்பு ஊசியின் காது என்றே சொல்கிறது. கண்ணுக்குக் காதின் ஒலியை ஒட்டவைத்த ஜெர்மானியக் கிளையிலேயே ஜெர்மன் மொழி நம் கட்சி. அங்கே ஊசிக்குக் காது. ரஷ்யனிலும் 'சின்னக் காது'. ஸ்பானியம் ஆங்கிலத்தோடு சேர்ந்து கண் என்கிறது. குத்தித் துளைத்து ஏதாவது ஒன்றை மாட்டும் இடம் என்று பார்த்தவருக்குக் காது தோன்றியது. வெளிச்சம் ஊடுருவும் துளை என்று பார்த்தவருக்குக் கண் தோன்றியது. ஜன்னல், பீப்பாய், நாடாத்துளை, கயிற்று வளையம், கொக்கி வளையம் எல்லாவற்றையும் கண் என்றழைக்கும் ஆங்கிலத்தில் 'ஐ'யின் வேலைகளில் பாதிக்குப் பார்வையோடு தொடர்பே இல்லை. அங்கே அது ஒரு வழி மட்டுமே.

காற்றுக்கு மறுபடியும் கண்

பாய்மரக் காலத்து மாலுமிகளுக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அந்தத் திசை 'காற்றின் கண்'. அந்தக் கண்ணுக்கு நேராகக் கப்பலைச் செலுத்த முடியாது. இடமும் வலமும் மாறி மாறி வளைந்துதான் முன்னேற வேண்டும். வைக்கிங் வீட்டுக் கூரையில் மூடிக்கொண்ட அதே சேர்க்கை கடலில் தெளிவாகத் திறந்திருந்தது.

புயலின் கண் வேறு. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய முன்னாள் கப்பல் தலைவர் ஹென்றி பிடிங்டன், வங்கக் கடலின் புயல்களை ஆராய்ந்து 1848இல் மாலுமிகளுக்காக ஒரு கையேடு வெளியிட்டார். சுருண்டு சுழலும் காற்றுக்கு 'சைக்ளோன்' என்ற பெயரைப் பரப்பியது அந்த நூல். ஒற்றைக்கண் அரக்கனின் பெயரில் உள்ள அதே 'வட்டம்' இதிலும் உண்டு. முற்றிய புயலின் நடுவே பொதுவாக 30 முதல் 60 கிலோமீட்டர் அகலத்தில் காற்றடங்கிய வட்டம் ஒன்று உருவாகும். அதைச் சுற்றி நிற்கும் மேகச்சுவரில்தான் உச்சக் காற்று. கண் ஓர் ஊரைக் கடக்கும்போது எல்லாம் ஓய்ந்ததுபோல் இருக்கும். விவரம் தெரியாதவர்கள் வெளியே வருவார்கள். மறுபாதி எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். கண் என்ற பெயர் இங்கே அழகுக்காக நிற்கவில்லை. அந்த அமைதி பாதிவழி மட்டுமே என்று அறிந்தவர் வீட்டுக்குள் இருப்பார்.

கண் அல்லாத கண்கள்

சொல்லாராய்ச்சியில் கண்ணை மூடிக்கொண்டு கண்ணைக் காணும் ஆபத்தும் உண்டு. இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் 'ஐ' என்றே ஒரு சிற்றூர் இருக்கிறது. கண்ணை எழுதும் அதே எழுத்துகள், அதே ஒலி. ஆனால் அது கண் இல்லை. பழைய ஆங்கிலத்தில் தீவையும் சதுப்பால் சூழ்ந்த மேட்டுநிலத்தையும் குறித்த 'ஏக்' என்ற சொல். 'ஐலண்ட்' என்பதன் முதல் பாதியும் இதுவே. காட்டுக்கோழி இனப் பறவையான ஃபெசன்டின் குஞ்சுக்கூட்டத்தை ஆங்கிலத்தில் 'ஐ' என்பார்கள். அதுவும் கண் அல்ல. கூட்டைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த 'நை', 'அ நை' என்று சொல்லிச் சொல்லி 'அன் ஐ' என்று தவறாகப் பிரிந்தது. சமையல்காரர் கட்டும் 'ஏப்ரன்' முன்பு 'நேப்ரன்' ஆக இருந்து 'ந்' ஒலியை இழந்ததும் இப்படித்தான்.

திறந்திருக்கும் கண்கள்

தொடர்களில் வரும் கண் மூடுவதில்லை, பொருள்தான் நழுவுகிறது. ஏசாயா தீர்க்கதரிசி நூலின் ஆங்கிலப் பெயர்ப்பில் 'கண்ணுக்குக் கண் காணுதல்' என்பதற்கு நேருக்கு நேர் பார்த்தல் என்று பொருள். இன்று அது கருத்தொத்துப் போவதைக் குறிக்கிறது. 'குருட்டுக் கண்ணைத் திருப்புதல்' என்ற தொடரைக் கடற்படைத் தளபதி நெல்சனோடு சேர்த்துச் சொல்வார்கள். 1794இல் கோர்சிகாத் தீவில் நடந்த சண்டையில் அவருக்கு வலது கண்ணின் பார்வை போனது. 1801இல் கோபன்ஹேகன் போரில், பின்வாங்கலாம் என்று மேலதிகாரி ஹைட் பார்க்கர் கொடி காட்டியபோது, அந்தக் கண்ணில் தொலைநோக்கியை வைத்து, கொடி தெரியவில்லை என்றாராம். நிகழ்ச்சிக்குப் பின்னாளில் மெருகேறியிருக்கலாம். போரில் அவர் வென்றது உண்மை. நாம் 'கண்டும் காணாமல்' என்பதற்கு ஆங்கிலத்தில் இப்படி ஒரு கடற்போர் துணை நிற்கிறது.

1850இல் சிகாகோவில் தொடங்கிய பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனம் திறந்த கண் ஒன்றைச் சின்னமாகப் போட்டு, நாங்கள் தூங்குவதேயில்லை என்று விளம்பரம் செய்தது. 1930களில் தனியார் துப்பறிவாளருக்கு 'பிரைவேட் ஐ' என்ற பெயர் நிலைக்க அந்தச் சின்னமும் ஒரு காரணம் என்பார்கள். 1934இல் யார்க்‌ஷயர்க்காரர் பெர்சி ஷா, வண்டியின் விளக்கொளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக் குமிழைச் சாலை நடுவில் பதிக்க உரிமம் பெற்றார். அது 'பூனைக்கண்'. 2001இல் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து - பாகிஸ்தான் கிரிக்கெட் டெஸ்டின் ஒளிபரப்பில் 'ஹாக்-ஐ' வந்தது. பந்தின் பாதையைப் பல கேமராக்களின் படங்களிலிருந்து கணக்கிட்டு வரையும் அமைப்பு. பெயரில் பருந்தும் இருக்கிறது, அதை உருவாக்கிய பால் ஹாக்கின்ஸின் பெயரும் இருக்கிறது. ஸ்டம்பை அடித்திருக்குமா என்று அது காட்டும் கடைசித் துண்டு நடக்கவே நடக்காத ஒன்று. கால்காப்பில் பட்ட பந்து அங்கே போகவேயில்லை. பார்க்காததைக் காட்டும் கருவிக்கும் கண் என்றே பெயர்.

பூனைக்கண்ணிலும் ஹாக்-ஐயிலும் கண் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் அவை புதியவை. பெயர் இன்னும் பொருளை விளக்கிக்கொண்டிருக்கிறது. விளக்கும் தேவை தீர்ந்ததும் பேசுபவர்கள் ஒலியைத் தேய்ப்பார்கள், அசைகளை விழுங்குவார்கள், பெயரைக் கொண்டுபோய் வேறு பொருளில் மாட்டுவார்கள். அதைச் சிதைவு என்று வருந்த வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை ஜன்னலைத் திறக்கும்போதும் காற்றையும் கண்ணையும் தனித்தனியே நினைத்தாக வேண்டுமென்றால் யாராலும் பேச்சை முடிக்க முடியாது. பேசுபவருக்கு மூடிய கண் வசதி. அதைத் திறந்து பார்ப்பது சொல்லாராய்பவரின் வேலை. திறந்தால் முதலில் தெரிவது பெயர் வைத்தவரின் கையில் இருந்த வேலைதான்.